செவலைக்குப் போன கொள்ளு

கண்டி, திருகோணமலை வீதி
1872, ஆவணி 4

அன்புள்ள தம்பி இருளப்பனுக்குச் சகலன் செல்லச்சாமி எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் நானும் உமது மதினி ரத்தினம்மாளும் கடையும் வண்டி மாடும் சௌக்கியம். மடுல்கெல்லக் குளிரில் நீரும் கொழுந்தியாள் வடிவம்மாளும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு அந்த இருமல் விட்டதா?

போகம்பரை மைதானத்தில் துரைமார் குதிரை ஓட்டம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஊர் இன்னும் அதையேதான் பேசுகிறது. நான் ஹந்தானைத் துரையின் மயிலைக் குதிரை ஜெயிக்கும் என்று சொல்லியிருந்தேன். நீர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து லீவில் வந்தவர், சும்மா வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, கம்பளையிலிருந்து வந்த கறுப்பு என்றீர். கறுப்புதான் வந்தது. நல்லது. சகலன் பேர் வாங்கினால் எனக்கும் பெருமைதானே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக இந்தக் கண்டியில் ஓட்டத்துக்கு முந்தி எல்லோரும் என் கடைக்குத்தான் வருவார்கள். துரைமார் லாயங்களுக்கெல்லாம் கொள்ளு போடுகிறவன் நான். எந்தக் குதிரை எவ்வளவு தின்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவு குதிரைக்காரத் துரைக்கே தெரியாது. கொள்ளு கூடினால் குதிரைக்குப் பழக்கம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். குறைந்தால் அது நிற்கிற குதிரை. இதை வைத்துத்தான் சொல்லி வந்தேன், பத்துக்கு ஏழு பலித்தும் வந்தது. இப்போதோ கடைக்கு வருகிறவன் உட்காருமுன்பே, "மொதலாளி, உங்க சகலை என்ன சொல்றாரு?" என்கிறான்.

உங்கள் துரைக்குப் புதிதாக ஒரு செவலைக் குதிரை வந்திருக்கிறதாமே. தை மாத ஓட்டத்தில் அதை விடப் போவதாகப் பேச்சு. எப்படி இருக்கிறது என்று எழுதும். உமது கடிதம் வந்தால் கடையில் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஹந்தானைக் கங்காணி அழகையா அதற்கென்றே வந்து கதிரையைப் பிடித்து உட்கார்ந்துவிடுகிறார்.

உமது சுகத்தைக் கோரும்,
செல்லச்சாமி


மடுல்கெல்ல
ஆவணி 15

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு இருளப்பன் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்து இருவரும் சந்தோஷப்பட்டோம். இருமல் விட்டுவிட்டது. வடிவம்மாள் முழுகாமல் இருக்கிறாள். மாசிக் கடைசியில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்கிறாள். தாய் தகப்பன் இல்லாதவளுக்கு அக்காள் வீடுதான் தாய்வீடு. தை முடிந்து அங்கே கொண்டுவந்து விடலாமா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

ஆடி ஓட்டத்தில் நான் சொன்னது ஏதோ குருட்டுவாக்கில் பட்டது. உங்கள் அனுபவம் எனக்கு ஏது?

செவலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல குதிரை. ஈரமண்ணில் நடக்கவிட்டுத் தடம் பார்த்தேன். முன்கால் குளம்பு பதிந்த இடத்தைத் தாண்டிப் பின்கால் விழுகிறது. அப்படி விழுகிற குதிரைக்குக் கால்வீச்சு அதிகம். மேட்டில் ஓடிவந்து நிறுத்தினால் விலா அடிப்பது சீக்கிரமே அடங்குகிறது. நெற்றியில் நல்ல சுழி என்று குதிரைக்காரன் குதிக்கிறான். எனக்குச் சுழி பார்க்கத் தெரியாது. துரை தாமே ஏறி ஓட்டப் போகிறார், அவர் கனத்த ஆள், அது ஒன்றுதான் குறை. நடுவில் கெடாமல் இருந்தால் தை மாதத்தில் இதுதான் முதலில் வரும் என்று நினைக்கிறேன்.

வழக்கம்போல் லாயத்துக்கு மாதக் கொள்ளு மூட்டையை லெட்சுமணனின் பொதிமாட்டில் அனுப்பிவையுங்கள். மதினிக்கு எங்கள் வணக்கம்.

உங்கள் தம்பி,
இருளப்பன்


கண்டி
புரட்டாசி 2

தம்பி இருளப்பனுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். வடிவம்மாள் தாராளமாக வரட்டும். கேட்டு எழுத வேண்டிய காரியமா இது? என் ஜோடி மாடு இருக்கும்போது பிள்ளைத்தாய்ச்சி எதற்கு நடக்க வேண்டும்? வண்டியில் மெத்தை போட்டு நானே வந்து ஏற்றிக்கொண்டு வருவேன்.

உமது கடிதத்தைக் கடையில் படித்தேன். அன்றிலிருந்து ஊரே குனிந்து திரிகிறது. போகம்பரையில் ஒரு குதிரை நடந்து போகக்கூடாது, பின்னால் நாலு பேர் தடம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பின்கால் தாண்டி விழுவது எனக்கும் தெரிந்த விஷயம்தான். நான் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

உமது அடக்கம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. குருட்டுவாக்கில் பட்டது என்று நீர் எழுதியதைக் கேட்டு, "எம்புட்டுத் தன்மையான மனுசன் பாரு" என்று அழகையா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அதையே நான் சொல்லியிருந்தால், ஆமாம், குருட்டுவாக்குதான் என்று எழுந்து போயிருப்பார். வீட்டிலும் இதே கதை. ரத்தினம்மாள் உமது கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் குதிரையைப் பற்றி வாயைத் திறந்தால் அவளுக்கு அடுப்பில் ஏதாவது பொங்கிவிடுகிறது. வயிறு எரியத்தான் செய்கிறது தம்பி, மறைப்பானேன்.

தை ஓட்டத்துக்கு என் வாக்கு மயிலைதான். ஹந்தானை லாயத்தில் தீனி ஏறிக்கொண்டே போகிறது. உமது செவலைக்கு நீர் வாங்குகிற கொள்ளு கோழிக்குப் போதாது. எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். யார் சொல் பலிக்கிறது என்று பார்ப்போம். விளையாட்டுக்குத்தான்.

செல்லச்சாமி


மடுல்கெல்ல
ஐப்பசி 20

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருவர் சுகத்தையும் அறிய ஆசை.

இங்கே மழை பிடித்து விடவில்லை. பன்விலை ஊருக்கு இந்தப் பக்கம் பாதை சரிந்து வண்டி ஏறாமல் நின்றுவிட்டது. பொதிமாடு மட்டும் காட்டு வழியாக வருகிறது. துரை உடம்புக்கு முடியாமல் கொழும்புக்குப் போயிருக்கிறார், மார்கழியில்தான் திரும்புவார்.

கொள்ளு இம்முறை இரட்டிப்பாக வேண்டும். லெட்சுமணன் திரும்பும்போதே கொடுத்தனுப்புங்கள். பத்து நாள் கழித்து மறுபடி அவனையே அனுப்புவேன். தாமதம் வேண்டாம் அண்ணா.

இருளப்பன்


கண்டி
ஐப்பசி 28

தம்பிக்கு, இங்கே சுகம். அங்கேயும் அப்படித்தான் என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர். வடிவம்மாள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று ரத்தினம்மாள் கேட்கிறாள். அவளுக்காவது நாலு வரி எழுதியிருக்கலாம்.

கொள்ளு லெட்சுமணனிடம் கொடுத்தேன். என் கையாலேயே அளந்தேன். அளக்கும்போதே எனக்கு ஒரு யோசனை. துரை ஊரில் இல்லை, மழை கொட்டுகிறது, செவலைக்கு மட்டும் தீனி இரட்டிப்பா? நிற்கிற குதிரை இவ்வளவு தின்றால் வயிறு வெடித்துச் சாகும். தினமும் ஓடுகிற குதிரைதான் இதைத் தாங்கும். அப்படியானால் யாருக்கும் தெரியாமல் மலையில் வைத்துப் பழக்குகிறீர்கள். அதைப் பற்றி உமது கடிதத்தில் ஒரு சொல்லும் காணோம்.

போன தடவை தடம், விலா, மூச்சு என்று பக்கம் பக்கமாக எழுதினவர் இப்போது ஏன் வாயை மூடிக்கொண்டீர்? கடையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். நானும்தான்.

செல்லச்சாமி


மடுல்கெல்ல
கார்த்திகை 19

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். லெட்சுமணனைத்தான் மூன்று தரம் அனுப்பினேன், கடிதம் எழுத உட்கார நேரமில்லை. வடிவம்மாள் சுகம், கொஞ்சம் இளைத்திருக்கிறாள். மதினி கவலைப்பட வேண்டாம்.

செவலையைப் பற்றிக் கேட்டீர்கள். அதை இந்தத் தடவை நம்ப வேண்டாம். மெலிந்துவிட்டது. முன்பு நான் எழுதியதை மறந்துவிடுங்கள். கடைக்கு வந்து கேட்பவர்களுக்கும், செவலை மேல் எதையும் வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கொள்ளு இன்னும் வேண்டும். முடிந்த அளவு. இம்முறை கல் மண் இல்லாமல் பொறுக்கிச் சுத்தமாக அனுப்பினால் பெரிய உபகாரம். அதோடு உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இருளப்பன்


கண்டி
மார்கழி 3

மடுல்கெல்லத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவர்களுக்கு, கண்டிக் கொள்ளுக்கடை செல்லச்சாமி எழுதுவது. சுகம்.

குதிரை மெலிந்துவிட்டதாம். ஆனால் கொள்ளு முன்னைக்கு நாலு மடங்காம். அதுவும் கல் பொறுக்கினதாம். பல் நோகாமல் தின்ன வேண்டிய அளவுக்கு அந்தச் செவலை ராஜகுமாரி ஆகிவிட்டது போலிருக்கிறது. என்னை யாரென்று நினைத்தீர்? கொள்ளிலேயே தலை நரைத்தவன் நான். என் கண்ணிலேயே மண்ணைத் தூவப் பார்க்கிறீர்.

ரத்தினம்மாள் சுளகைப் போட்டு உட்கார்ந்து மூட்டை முழுக்கக் கல் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே, "குதிரைக்கு எதுக்குங்க மிளகா?" என்று கேட்டாள். குளிருக்கு உள்ளே சூடு பிடிக்கக் குதிரைக்காரர்கள் கொடுப்பதுண்டு, உனக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். தங்கச்சி புருஷன் கேட்டான் என்பதற்காக விரல் நோகப் பொறுக்கினாள். எனக்கு என்றைக்காவது அப்படி ஒரு காரியம் செய்தாளா என்று யோசித்துப் பார்த்தேன்.

உமது திட்டம் எனக்குப் புரிகிறது. செவலை ஓடாது என்று ஊரை நம்பவைத்துவிட்டு, ஓட்டத்தன்று வந்து வேலி ஓரம் நின்று, கடைசி நேரத்தில் செவலை என்று சொல்லுவீர். ஜெயிக்கும். மறுபடியும் உமக்கு மாலை, எனக்கு மூக்கறுப்பு.

அது நடக்காது. உமது கடிதத்தைக் கடையில் நான் படிக்கவே இல்லை. தை ஓட்டத்தில் செவலைதான் என்று உமக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். மயிலை என்று முதலில் சொன்னேனே என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அழகையா கங்காணி மயிலைதான் என்று பிடிவாதமாக நிற்கிறார். அவரோடு பந்தயம் கட்டியிருக்கிறேன், என் ஜோடி மாட்டை வைத்து. இனிச் செவலை ஜெயித்தால் அது என் பேர். உம்முடையது அல்ல.

செல்லச்சாமி


மடுல்கெல்ல
மார்கழி 14

அண்ணா, உங்கள் கடிதம் படித்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், பந்தயத்தை எடுத்துவிடுங்கள். செவலையால் ஓட முடியாது. நான் திட்டம் போடவில்லை. பேர் வாங்கும் ஆசை எனக்குக் கிடையாது. இனி எந்த ஓட்டத்துக்கும் நான் வாய் திறக்கமாட்டேன் என்று வேண்டுமானால் சத்தியம் பண்ணுகிறேன்.

கொள்ளு எங்கே போகிறது என்று கேட்பீர்கள். அதைக் கடிதத்தில் எழுத முடியாது. இது பல கை மாறி வருகிறது. கடையில் படிக்கவில்லை என்று நீங்கள் எழுதினாலும், அங்கே எந்நேரமும் ஹந்தானை ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை துரை காதுக்குப் போனால் போதும். லெட்சுமணனிடம் சொல்லி அனுப்பலாம் என்றால் அவன் வழியிலுள்ள கடையெல்லாம் உட்கார்ந்து பேசுகிறவன். நேரில் வந்ததும் எல்லாம் சொல்வேன். அதுவரை என்னை நம்புங்கள்.

துரை திரும்பிவிட்டார். ஓட்ட வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். ஒரு மாதம் நன்றாகத் தின்றால் தேறிவிடும் என்கிறார்.

இருளப்பன்


கண்டி
1873, தை 15

கணக்கப்பிள்ளைக்கு,

ஓட்டம் முடிந்தது. உமக்குச் செய்தி வந்திருக்கும். ஆனாலும் என் வாயால் கேளும்.

ஓடுவதற்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டினார்கள். நான் முன்வரிசையில் நின்றேன். செவலையைப் போர்வை எடுத்தபோதே விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. மனம் கேட்காமல் நீர் எழுதின கணக்குப்படி குனிந்து தடத்தைப் பார்த்தேன். பின்கால் முன்கால் தடத்தை எட்டவே இல்லை, ஒரு சாண் பின்னால் விழுந்தது. அப்போதே பந்தயத்தை எடுத்திருக்கலாம். அழகையா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மொதலாளி, செவலைதானே?" என்றார். "செவலைதான்" என்றேன். உமது கண்ணால் பார்த்து என் வாக்கை மாற்றிக்கொண்டேன் என்று ஊர் சொல்வதைவிட மாடு போனால் போகட்டும் என்றுதான் தோன்றியது.

மயிலை ஜெயித்தது. நான் முதலில் சொன்ன மயிலை. செவலை கடைசியாக, துரையைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. அது மூச்சு வாங்கியதைப் பார்த்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்து மட்டும் சிரித்தார்கள். அன்று பொழுது சாயுமுன் அழகையா வந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். மனிதர் நல்லவர், "வேணாம் மொதலாளி, வச்சுக்கங்க" என்றார். அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. பிடித்துக் கையில் கொடுத்தேன்.

இவ்வளவு கொள்ளும் செவலை வயிற்றுக்குப் போகவில்லை. அப்படியானால் யாருக்கு விற்றீர்? சகலன் கடையில் வாங்கி, மலையில் இரட்டை விலைக்கு விற்றுக் காசாக்கினீரோ? தன்மையான மனுசனாம்.

உங்கள் துரையும் இதையே கேட்டார். வியாபாரி, கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன். மாதா மாதம் எவ்வளவு போனது என்று சொன்னேன். இனி உமது பாடு, துரை பாடு.

செல்லச்சாமி


மடுல்கெல்ல
தை 27

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு இருளப்பன் வணக்கம். நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம்.

என் வேலை போய்விட்டது. இனி எழுதுவதில் பயம் இல்லை.

மழையில் பாதை சரிந்ததும் அரிசி வண்டி வராமல் நின்றது. துரை கொழும்புக்குப் போகும்போது, மழைக்கு வேலை இல்லை, வேலை இல்லாத நாளுக்கு அரிசியும் இல்லை என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அரிசி எடுக்க வேண்டுமானால் அவர் கையெழுத்து வேண்டும். லாயத்துக்குக் கொள்ளு எடுக்க மட்டும் என் துண்டுச் சீட்டு போதும், பந்தயக் குதிரை பாருங்கள். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் கிழங்கு தீர்ந்தது, பலாக்கொட்டையும் தீர்ந்தது. குழந்தைகள் அழுகிற சத்தம்கூட ஒருநாள் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் உங்களுக்கு இரட்டிப்பாகக் கேட்டு எழுதினேன்.

கொள்ளை வேகவைத்து, உப்பும் மிளகாயும் கிள்ளிப் போட்டுக் கஞ்சியாக ஊற்றினோம். பல் இல்லாத கிழவிகள் கல் கடித்து அழுதார்கள், அதனால்தான் பொறுக்கி அனுப்பச் சொன்னேன். எவ்வளவு வந்தும் போதவில்லை. செவலைக்குப் பாதியாக்கினேன், பிறகு கால் பங்காக்கினேன், பிறகு வெறும் புல். நான் லாயத்துப் பக்கம் போனால் அது கழுத்தை நீட்டிக் கனைக்கும். அதன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும், குதிரைக்காரனை அனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவேன். துரை வந்த பிறகு தீனி போட்டும் அது தேறவில்லை. வடிவம்மாளும் அந்தக் கஞ்சியைத்தான் குடித்தாள். லயத்தில் பசியால் ஒரு சாவு விழவில்லை அண்ணா. கண்டிக் கடைக்காரர் கஞ்சி என்று உங்கள் பேரைச் சொல்லித்தான் குடித்தார்கள். அனுப்பினது நீங்கள்தானே.

துரை என்னைக் கூப்பிட்டு, விற்றாயா என்று கேட்டார். விற்கவில்லை என்று நடந்ததைச் சொன்னேன். விற்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்பதுபோல் பார்த்தார். குதிரை தீனியை ஆளுக்குப் போட்டவனுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று. "ஒன் சகலனே கண்டியில நான் எறங்கியிருந்த பங்களாவத் தேடி வந்து, வாசல்ல காத்துக் கெடந்து சொன்னான்" என்று துரை தமக்குத் தெரிந்த தமிழில் எல்லோர் முன்னாலும் சொன்னார். வடிவம்மாள் காதுக்கும் அது போய்விட்டது. துரை ஆத்திரத்தில் இட்டுக்கட்டிப் பேசுகிறார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டதற்குத்தான் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதுவே இருக்கட்டும். மதினியிடமும் அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள்.

மாசி ஐந்தாம் தேதி இங்கிருந்து புறப்படுகிறோம். தோட்டத்து வண்டி தரமாட்டார்கள். மெதுவாக நடந்து, பன்விலைக் கடைத்தெருவில் தங்கி, அங்கிருந்து கண்டிக்கு வருவோம். எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை.

உங்கள் தம்பி,
இருளப்பன்


கண்டி
மாசி 2

தம்பி இருளப்பனுக்குச் செல்லச்சாமி எழுதிக்கொண்டது. இதை லெட்சுமணன் கையில் கொடுத்து, வழியில் எங்கேயும் உட்காராமல் ஓடு என்று அனுப்பியிருக்கிறேன். நீங்கள் புறப்படுமுன் கிடைக்க வேண்டும்.

உமது கடிதத்தை ரத்தினம்மாளுக்குப் படித்தேன். கடையில் அல்ல, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு. கஞ்சி வந்த இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். துரை சொன்ன இடம் வந்ததும் அந்த நாலு வரியை விட்டுவிட்டு, மாசி ஐந்தாம் தேதி என்று தொடர்ந்தேன். அவளுக்கு ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பிடித்துவிட்டாள்.

"ஏன் முழுங்கிட்டீங்க? அதையும் படிங்க."

ஒன்றுமில்லை என்றேன். துரை கடைக்கு வந்து கேட்டதாகத்தான் அவளிடமும் முன்பு சொல்லியிருந்தேன்.

"ஓட்டம் முடிஞ்ச அன்னைக்கு, மாட்டக் குடுத்த கையோட, அலுமாரியத் தொறந்து கறுப்புக் கோட்ட எடுத்து மாட்டிக்கிட்டு எங்க போனீங்கன்னு எனக்குத் தெரியாதா? கடைக்கு வந்து கேக்குற தொரைக்குப் பதில் சொல்லக் கோட்டு எதுக்குங்க?" என்றாள். பிறகு, "குதிரைக்கு எதுக்கு மிளகான்னு நான் அன்னைக்கே கேட்டேன். நீங்க கொள்ள மட்டுந்தான் பாத்தீங்க" என்றாள்.

அந்த நாலு வரியையும் படித்தேன். படித்து முடித்ததும் அவள் என்னைத் திட்டவில்லை. உமது பேரைச் சொல்லி, "இப்படியும் ஒரு மனுசன்" என்றாள், அவ்வளவுதான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாரும். இவ்வளவு நடந்த பிறகும் என் வயிறு எரிகிறது. குதிரை பார்க்கிற கண்ணுக்காக உம்மீது பொறாமைப்பட்டேன். அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். இப்போது எனக்காக நீர் வடிவம்மாளிடம் சொன்ன அந்தப் பொய்யைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். என்னால் அப்படி ஒரு பொய் சொல்லியிருக்க முடியாது. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

ஆகவே அது எனக்கு வேண்டாம். நீர் மூடி மறைத்து, அதன் கீழே நான் ஒதுங்கிக்கொண்டு, காலமெல்லாம் என் வீட்டில் உம்மைப் பெரியவராகப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. துரை சொன்னது மெய்தான். வடிவம்மாளிடம் நானே என் வாயால் சொல்வேன். அவள் அதைக் கேட்டுவிட்டு வருவதானால் வரட்டும், திரும்பிப் பார்க்காமல் போவதானால் போகட்டும். நான் சொல்லுமுன் நீர் எதையும் சொல்லிச் சமாதானப்படுத்தக் கூடாது. இந்த ஒரு தடவையாவது என்னை முந்தாதீர்.

மயிலைக்குக் கொள்ளு வாங்க ஹந்தானை ஆட்கள் இன்று கடைக்கு வந்தார்கள். அடுத்த ஓட்டத்துக்கு எது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.

ரத்தினம்மாள் பின்கட்டு அறையை மெழுகி வைத்திருக்கிறாள். உம்மால் முடிந்த அளவு மெதுவாக நடத்திக் கொண்டுவாரும். பன்விலைக் கடைத்தெருவில் எனக்காக நில்லும். டோலி ஒன்றும் தூக்க ஆளும் பேசி அழைத்து வருகிறேன். வண்டியில் மெத்தை போட்டு வந்து ஏற்றிக்கொள்வேன் என்று புரட்டாசியில் பெரிதாக எழுதினேன். மாடு இல்லை. நடந்துதான் வருகிறேன்.

செல்லச்சாமி